இன்னொரு பக்கம்

“இந்த ஒரு பக்கத்தையாவது விட்டுடுங்க டாக்டர்!”

எட்டு வயதுச் சிறுமி லூர்துசெல்வி இரு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கினாள். அவளது வலப்பக்க மூக்கினுள் அடிக்கடி இரத்தம் கசிந்த இடத்தை, சென்ற மாதம்தான் டாக்டர் கிருஷ்ணசாமி மருந்துக் குச்சியால் சுட்டு அடைத்திருந்தார். அந்தப் புண் நன்றாகவே ஆறிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே இடப்பக்கத்தில் இரத்தம் வரத் தொடங்கியிருந்தது.

“போன தடவை நீ சத்தமே போடலயே செல்வி. இப்ப என்ன பயம்? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“வலிச்சா பரவால்ல டாக்டர். அடைக்காதீங்க.”

டாக்டர் சிரித்தார். “முனிசிபாலிட்டி குழாய்லகூட இந்த வேகத்துல தண்ணி வர்றதில்ல. உன் மூக்கை அப்படியே திறந்து விடச் சொல்றியா?”

வேறு யாரும் சிரிக்கவில்லை. குழந்தையின் தந்தை சூசைநாதன் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவருடைய தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. கையிலிருந்த கைக்குட்டையில் நேற்றைய இரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தவர், பேசத் தொடங்கினார்.

“மூத்த பையன மஞ்சக்காமாலையில பறிகுடுத்தவன் டாக்டர் நான். மிச்சம் இருக்கறது இவ ஒருத்திதான். இவ மூக்குல ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தா எனக்குப் பாதி உசிரு போயிடுது. கையில எது இருந்தாலும் கீழ போட்டுட்டு ஓடிப்போய்த் தூக்கிக்குவேன். எளநீ குடுத்துப் பாத்தேன், வெங்காயச் சாறு விட்டுப் பாத்தேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில மூக்கு செஞ்சி போடறதா நேர்ந்துகிட்டேன். ஒண்ணுத்துக்கும் நிக்கல.”

“எந்த நேரத்துல வருது?”

“ராத்திரிலதான். நான் ஷிஃப்டு முடிஞ்சி வீட்டுக்கு வந்தப்புறம்.”

“வீட்டுல சூடு அதிகமா? தகரக் கூரையா?”

“இல்லீங்க, ஓடுதான்.”

“பள்ளிக்கூடத்துல வருதா?”

“ஒருநாளும் வந்ததில்லன்னு சிஸ்டர் சொல்றாங்க. அப்பன் மூஞ்சியப் பாத்தாதான் வருதுன்னு பக்கத்து வீட்டுல நையாண்டி வேற. இன்னா பாவம் செஞ்சேனோ தெரியல டாக்டர். வர்ற ஞாயித்துக்கெழம சம்பா கோவில்ல இவளுக்குப் புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்கப் போறா. வெள்ளக் கவுனு தச்சி வச்சிருக்கோம். பீடத்துக்கு முன்னால நிக்கறப்ப அதுமேல ரத்தம் வழிஞ்சிதுன்னா...”

அருகே நின்றிருந்த அவர் மனைவி இருதயமேரி, ரெட்டியார்பாளையத்திலிருந்து புறப்பட்டு வந்தது முதல் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இப்போதும் அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விளக்கைச் சாய்த்து மூக்கினுள் நோக்கினார். அவர் புருவம் சுருங்கியது.

“உள்ளே நகம் பட்ட மாதிரி கீறல் இருக்கே. மூக்கை நோண்டுவியா?”

செல்வி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

“தூக்கத்துல நோண்டுதோ என்னவோ டாக்டர்,” என்றாள் இருதயமேரி மெல்லிய குரலில்.

“நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க. இப்ப தலையை அசையாம பிடிச்சுக்குங்கம்மா. ரெண்டு கையாலயும்.”

இருதயமேரி இடக்கையை மட்டும் நீட்டினாள்.

“அவளுக்குச் சோத்துக்கை முடியல டாக்டர். குழாயடியில வழுக்கி வுழுந்துட்டா,” என்று சூசைநாதன் விரைந்து முன்வந்தார். “நீ தள்ளிக்க மேரி. நான் புடிச்சிக்கறேன்.”

அவர் மகளின் தலையைத் தம் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அந்தப் பெரிய கைகளுக்குள் அவள் தலை முழுவதும் அடங்கியது.

“வேணாம்ப்பா. எனக்குக் கவுனுகூட வேணாம். இந்தப் பக்கம் மட்டும் இருக்கட்டும்ப்பா!”

“ஒன் நல்லதுக்குத்தான்டா கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க.”

டாக்டர் மரப்பு மருந்தில் நனைத்த பஞ்சை முதலில் வைத்தார். சற்று நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு, குச்சியின் நுனியை உள்ளே அழுத்தினார். செல்வி கத்தவில்லை. கண்ணீர் மட்டும் நில்லாமல் வழிந்து தந்தையின் சட்டையை நனைத்தது. மகள் அழுவதைக் காணப் பொறாமல் தந்தையும் அழுதார்.

“முடிஞ்சுது. மூக்கைச் சிந்தக் கூடாது, வாஸ்லின் தடவிட்டு வாங்க. இனிமே எந்தப் பக்கமும் ரத்தம் வராது. கவலையை விடுங்க.”

“மாதாவே!” என்று சூசைநாதன் டாக்டரின் கால்களைத் தொடக் குனிந்தார். டாக்டர் பதறித் தடுத்துவிட்டார். பின்னர் சூசைநாதன் மகளின் நெற்றியில் முத்தமிட்டு, “புள்ள வெயில்ல நடக்க வேணாம். நான் போய் ரிக்‌ஷா கூட்டியாறேன்,” என்று வெளியே ஓடினார்.

டாக்டர் கைகளைக் கழுவியவாறே சொன்னார்: “இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் செல்வி.”

செல்வி நாற்காலியிலிருந்து இறங்கித் தாயிடம் சென்றாள். புடவைத் தலைப்பினுள் மறைந்திருந்த அந்த வீங்கிய வலக்கையை, வலிக்காதவாறு விரல் நுனியால் தொட்டாள்.

“ரெண்டு பக்கமும் அடைச்சிட்டாங்களேம்மா,” என்று தேம்பினாள். “இனிமே அப்பா ஒன்ன அடிக்கறப்ப, அவரு நிறுத்தறதுக்கு நான் எங்கேருந்தும்மா ரத்தம் வரவைப்பேன்?”