கழற்றிப் போட்ட ரேடியேட்டர்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல்தான் உயிர். போன மாதம் அதற்குப் புது ரேடியேட்டர் மாட்டினார். கழற்றியதைத் தூக்கிப் போட மனசு வராமல் சமையலறை மூலையில் சாத்தி வைத்தார்.

அவர் கார் ஓட்டும்போதெல்லாம் அது இங்கே சூடாகிறது. நிறுத்தினால் ஆறிவிடுகிறது. உள்ளே சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. மெக்கானிக்கிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"துணி காயப் போடுங்கக்கா" என்றார்.

போட்டேன். நன்றாகவே காய்கிறது.

நேற்று அம்மா சாப்பிட வந்திருந்தாள். ஆளைக் காணோம் என்று அவருக்கு போன் போட்டேன்.

"இதோ, வந்துட்டே இருக்கேன். பாதி வழி தாண்டியாச்சு."

மூலைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"முதல்ல போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

அதன் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் கை சுட்டது.