யானையைக் கண்ட சாட்சிகள்

"யானையே வராத பாதையில எதுக்கு இவ்வளவு வெடி?" என்று விஜிதரன் கேட்டான்.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டம் அன்று இப்படித்தான் தொடங்கியது. போன கூட்டத்தின் குறிப்பை எழுத்துப் பிழை பார்த்தே அரை மணித்தியாலம் கடத்தும் செயலாளர் தங்கராசா, அதைக்கூட மறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"ஞானேஸ்வரி, எழும்புங்கோ."

ஞானேஸ்வரி எழும்பினாள். பக்கத்தில் இருந்த சிவரூபி அவளுடைய சேலைத் தலைப்பை விடவில்லை.

ஒட்டுசுட்டானுக்கு அங்காலே, காட்டோரத்துக் கடைசி வீடு ஞானேஸ்வரியுடையது. அங்கே, யானையைக் கலைக்க அமைப்பு பங்கிட்டுத் தரும் யானை வெடி கேட்டால் ஊர் முழுக்க ரோச் லைற்றும் தகரமுமாக ஓடிவரும். அது எழுதாத சட்டம். இந்த மாதம் பொழுதுபட்டால் அடிக்கடி வெடி கேட்டது. ஊரும் ஓடிவந்தது. ஆனால் ஒரு வாழை முறியவில்லை, ஒரு பிடி யானை லத்தி கிடக்கவில்லை.

காரணம் ஞானேஸ்வரிக்குத் தெரியும். சிவரூபி அவளுடைய அக்காவின் மகள். பதினாறு வயது; இப்போது சித்தியோடு இருக்கிறாள். அக்கா குவைத்தில் இருக்க, அக்காவின் இரண்டாம் புருசன் அந்தப் பிள்ளைக்குச் செய்தது இப்போது வழக்காக நடக்கிறது. பிள்ளை இருக்கும் வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று சொல்லித்தான் நீதவான் அவனைப் பிணையில் விட்டார்.

அவன்தான் விஜிதரன். அமைப்பில் அவனும் ஓர் அங்கத்தவன். கேள்வி கேட்க உரிமை உள்ளவன்.

பொழுதுபட்டால் வீட்டுக்கு முன்னால் மதகடியில் ஓர் இருமல் கேட்கும். சிவரூபி படிப்பதை நிறுத்துவாள். ஞானேஸ்வரி வெடி கொளுத்துவாள். சனம் வந்து சேர முன்னர் இருமல் காட்டுக்குள் போய்விடும்.

"ஆராவது அவனைக் கண்டவையோ?" என்று பொலிசில் கேட்டார்கள். ஒருவரும் காணவில்லை. பிறகு அவளுக்கு மிஞ்சியது வெடி மட்டும்தான்.

இதை இத்தனை பேருக்கு முன்னால், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது?

"யானை வந்ததோ?" என்று தங்கராசா கேட்டார்.

"வந்தது."

"வராட்டில் மிச்ச வெடியைத் திருப்பித் தரவேணும். அதுதான் விதி. பையை மேசையில வையுங்கோ."

அவள் வைத்தாள்.

"ஆர் கண்டது?"

தெரு முடக்கில் கடை வைத்திருக்கும் லாபிர் எழும்பினார். "நான் கண்டனான். கொம்பன்."

"யானைக்கு இருக்கிறது கொம்பில்லை, தந்தம். தந்தமெண்டா பல்லு. எத்தினை?"

"இரண்டு."

"நானும் பார்த்தேங்க," என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்த ராசு. "ஆனா தந்தமே இல்லைங்க. பக்கத்தில குட்டி நின்னிச்சு."

"ஒற்றைத் தந்தம்," என்றார் பின்வரிசையிலிருந்து கனகலிங்கம்.

மண்டபம் சிரித்தது. விஜிதரன்தான் ஆகப் பெரிதாய்ச் சிரித்தான். ஞானேஸ்வரி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். உதவி செய்ய வந்த மூன்று பேருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள்.

தங்கராசா சிரிக்கவில்லை. "மூண்டு பேர், மூண்டு யானை. எண்டாலும் கண்ணால கண்ட சாட்சி. வரேல்லை எண்டதுக்குச் சாட்சி இல்லை. ஆனபடியா வந்தது எண்டு எழுதுறன்."

"செயலாளர், உது முழுப்பொய்," விஜிதரன் எழும்பினான்.

"நீர் கண்டனீரோ, இல்லாட்டி ஊகமோ? ஊகத்தை நான் எழுதமாட்டன்."

"ஊகமில்லை. நான் அங்க நிண்டனான்."

"எங்க?"

"மதகடியில."

"எந்த மதகு? ஊரில நாலு மதகு இருக்கு."

"இவாவின்ரை வீட்டுக்கு முன்னால இருக்கிற மதகு. செவ்வாயும் நிண்டனான், வியாழனும் நிண்டனான். ஒரு நாய்கூட வரேல்லை."

தங்கராசா ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக எழுதினார். எழுதியதை ஒரு தரம் உரத்து வாசித்தார்.

"சரிதானே? பிழை கிடந்தாத் திருத்தலாம்."

"சரிதான்," என்றான் விஜிதரன். சொல்லி முடித்த பிறகுதான் மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

மூலையில் தேத்தண்ணியோடு இருந்த கிராம அலுவலர் சுமித்திராவைத் தங்கராசா திரும்பிப் பார்த்தார். "மிஸ், உங்களுக்குக் கேட்டதுதானே?"

"வடிவாக் கேட்டது. பொலிசுக்கு நானே வந்து சொல்லுறன்."

விஜிதரன் வாசலுக்கு நடந்தான். அங்கே கதிரை போட்டு இருந்தவர்கள் வழிவிட அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரப் போனது.

தங்கராசா பையை ஞானேஸ்வரியின் பக்கம் தள்ளினார். தன் பங்குக்குக் கிடைத்த வெடிகளையும் எடுத்து அதற்குள் போட்டார்.

"வழக்கு முடியுமட்டும் வைச்சிருங்கோ, தங்கச்சி. யானை வந்தாலும் கொளுத்தலாம்."

சிவரூபி சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போது லாபிர் குறைப்பட்டுக்கொண்டார். "யானையைக் கண்டதெண்டு சொல்லுங்கோ எண்டு நேற்று மூண்டு பேரிட்டையும் வந்து சொன்னனீங்கள். தந்தம் எத்தினை எண்டும் சொல்லித் தந்திருக்கலாமே, செயலாளர். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருப்பம்."

தங்கராசா கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரே மாதிரிச் சொல்லியிருந்தா, அவன் ஏன் திருத்த எழும்பியிருப்பான்?"