சிரித்த இடம்

“அடுத்த மாடல் பாக்ஸுல புதுசா இன்னா வேணும்னு கேட்டா, இன்னாடி இது எழுதி வச்சிகீற?”

டிவி செட்டாப் பாக்ஸ் தயாரிக்கும் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் மரகதம், யோசனைச் சீட்டை ஆட்டிக் காட்டினாள். மற்றவர்கள் எல்லாம் தொலைந்துபோன ரிமோட் குரல் கொடுக்க வேண்டும், கரண்ட் போனாலும் படம் ஓட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். தங்கமாரி மட்டும், ‘ஒருவர் பார்த்த படத்தை இன்னொருவர் பார்க்கும்போது, முதல் ஆள் எங்கே சிரித்தார் என்று பாக்ஸ் காட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தாள்.

“எதுக்குடி இது?”

“எங்க வீட்டுக்காரர் எந்த எடத்துல சிரிச்சாவன்னு தெரியணும்க்கா. அவிய பார்த்து முடிச்ச படத்ததான் நானும் பார்க்கேன். சேர்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்ல.”

“கல்யாணமாகி எவ்ளோ நாளாச்சு?”

“நாலு மாசம்க்கா. அவிய சத்தமா சிரிச்சா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு.”

மரகதத்துக்கு மனசு இளகிவிட்டது. இளகினால் அவள் வாய் நிற்காது. பதிலுக்குக் காத்திருக்கிற பழக்கமும் கிடையாது.

“துபாயா, மஸ்கட்டா? இந்த ஆம்பளைங்களே இப்டிதான். தாலியக் கட்டிட்டு பிளைட் ஏறிடுறானுங்க. வூட்டுல ஒருத்தி ஏங்கிக்கினு கெடப்பாளேன்னு ஒரு நெனப்பு வாணாம்? நீ கவலப்படாத. இந்தச் சீட்டுக்குத்தான் பிரைஸுன்னு நான் சொல்றேன்!”

“துபாய் இல்லக்கா, அவிய வந்து…”

ஷிப்ட் முடிந்து பெல் அடித்தது. மணி எட்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு இருவரும் கேட்டுக்கு வந்தார்கள்.

மண்ணூரிலிருந்து வந்த கம்பெனி பஸ் நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த பேக்கிங் செக்‌ஷன் அருள்பாண்டி, தங்கமாரியின் கையில் ரூம் சாவியை வைத்தான்.

“ரசம் வச்சிருக்கேன், சுட வச்சுக்க. படத்துல மாப்பிள்ள கெணத்துல விழுவான் பாரு, அங்கதான் சிரிச்சேன்.”

சொல்லிவிட்டு, அட்டெண்டன்ஸ் பஞ்ச் வைக்க நேரமாகிவிட்டதென்று உள்ளே ஓடினான். அவன் மறையும்வரை தங்கமாரி சாவியை இறுகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று தெரியாமல், புதுசாகக் கல்யாணமான பெண்ணாச்சே என்று இரக்கப்பட்டு இவளுக்குப் பகல் ஷிப்ட்டும், ஆம்பளைதானே என்று அவனுக்கு நைட் ஷிப்ட்டும் போட்டுக்கொடுத்தவளே மரகதம்தான்.