போன மீசை

பன்னிரண்டு வருடமாக ஏழு மணிச் செய்தியில் மட்டுமே பார்த்த மனிதர் நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சலூன்காரர் அவர் முகத்தையே வாய் பிளந்து பார்த்தபடி கத்தியை ஓட்டினார். ஓரம் ஒதுக்கச் சொன்ன மீசையில் பாதி போய்விட்டது. வேறு வழியில்லாமல் மீதியையும் வழித்தபோது, உதட்டின் மேல் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. செய்தி வாசிப்பாளர் கண்ணாடியைப் பார்த்தார். காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“அவர் டிவியில தும்மினா இங்க நீங்க மூக்கைத் துடைப்பீங்க. அவருக்கே இப்படிப் பண்ணிட்டீங்களே!” என்றாள் வீட்டில் சலூன்காரரின் மனைவி.

“அந்த மீசையை நம்பித்தானேடி நான் செய்தியையே நம்பினேன்!”

அன்று ஏழு மணிக்கு டிவியைப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடையைத் திறந்ததும் செய்தி வாசிப்பாளர் வந்து நின்றார்.

“சார், உள்ளதைச் சொல்லிடுங்க. என்னால உங்க வேலை போச்சா?”

“தழும்பைப் பார்த்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்கன்னுதான் இத்தனை வருஷமா மீசைக்குள்ள ஒளிஞ்சிருந்தேன். நேத்து செய்தி முடிஞ்சதும் நாப்பது பேர் போன் பண்ணித் திட்டினாங்க.”

“தழும்பையா சார்?”

“நான் கட்டியிருந்த டையை! தழும்பைப் பத்தி ஒருத்தர்கூட மூச்சு விடலை” என்றபடி நாற்காலியில் சாய்ந்தார். “இன்னிக்கும் மழமழன்னு வழிச்சு விடுங்க.”