மூணாவது ஆள்

பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடித்தாள். ஆபீஸ் வருகைப் பதிவுப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடியும் பாஸ்வேர்டைக் கேட்டுப் பல்லை இளித்தது.

நீண்ட லீவுக்குப் பிறகு இன்றுதான் முதல் நாள். வீட்டிலிருந்தே வேலை. மேனேஜர் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார். வருகைப் பதிவு செய்யாமல் உள்ளே நுழைய முடியாது. வந்ததும் வராததுமாக இப்படியா என்று இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள்.

கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். எதைக் கேட்டாலும் முதலில் "கேபிளைப் பிடுங்கிச் சொருகுங்க" என்பார். அதனால் வந்த பெயர்.

உடம்பு தேவலையா என்று கேட்டார். "ம்" என்றாள். அதிசயமாக அன்று கேபிளை விட்டுவிட்டு, செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். பாதியில் நிறுத்தினார்.

"மூணாவது ஆளைத் தடுத்து வச்சிருக்கீங்களே மேடம்."

"யாரை?"

இங்கிலீஷில் இருப்பதையெல்லாம் வீட்டுத் தமிழில் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. 'தேர்டு பார்ட்டி குக்கி' அவர் வாயில் மூணாவது ஆளாகியிருந்தது. நீங்கள் ஒரு பக்கத்தைப் பார்க்கிறீர்கள், நீங்களும் அந்தப் பக்கமும் ரெண்டு பேர். நடுவில் ஒருத்தன் நின்று, நீங்கள் எதை ஆசையாகப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்வான். அப்புறம் போகிற இடமெல்லாம் அதையே விளம்பரமாக நீட்டுவான். அவன்தான் மூணாவது ஆள். வருகைப் பதிவுப் பக்கம் வேறு கம்பெனியுடையது. அதையும் அந்த ஆள் என்று நினைத்து லேப்டாப் வாசலிலேயே நிறுத்திவிட்டதாம்.

"நான் எதையும் தடுக்கலையே அண்ணா."

"அப்ப வீட்ல யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. நீங்க பாக்கக் கூடாதுன்னு எதையோ மறைக்கறாங்க" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது?

அந்த ஆபீஸ் பக்கத்துக்கு மட்டும் வழி விடலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் திறந்து விடலாம், உங்கள் இஷ்டம் என்று இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனை வைத்தார்.

வீட்டில் இருப்பது அவளும் அவள் கணவனும் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. உள்ளறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. அவன் போனை வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறான். இவள் வந்தால் சட்டென்று குப்புறக் கவிழ்த்து வைக்கிறான். போன வாரம் இவள் குளித்துவிட்டு வந்தபோது, இவளுடைய லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தான். என்ன என்று கேட்டதற்கு, சும்மா அப்டேட் என்றான். அப்டேட்டாம்!

மூணாவது ஆள். கேபிள் அண்ணன் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, அவள் காதில் வேறு அர்த்தத்தில்தான் விழுந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். போனை எடுத்தபோது பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"என் லேப்டாப்ல செட்டிங்ஸை நீங்க மாத்தினீங்களா?"

மெஷின் நின்றது.

"ஆமா. அதை அப்படியே விடு. ஆபீசுக்கு மட்டும் வழி பண்ணிக்கலாம். நான் இப்பவே வந்து செஞ்சு தரேன்."

"நான் பாக்கக் கூடாதது அதுல என்ன இருக்கு?"

"தயவுசெஞ்சு தொடாதே" என்றான். குரல் கம்மியிருந்தது.

மாட்டிக்கொண்டவன் குரல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்தாள். உண்மையில் அவளுக்கு எதுவும் தெரியாது.

எல்லாவற்றையும் திறந்து விட்டாள். வருகை உடனே பதிவானது. மீட்டிங்குக்கு மணி அடித்தது. அவள் அதற்குப் போகவில்லை. வழக்கமாகச் செய்தி படிக்கிற பக்கத்தைத் திறந்தாள். அவன் பார்த்ததெல்லாம் விளம்பரமாக வந்துதானே தீரும், யாருக்கு வாங்கிய புடவையோ, எந்த ஊர் ஹோட்டல் அறையோ, வரட்டும், இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

செய்தி வந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். அதற்குள் படம் மெல்லத் தெளிந்தது.

தொட்டில்.

வெள்ளை வலை. தலைமாட்டில் மஞ்சள் முயல். மேடிட்ட வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அது வேண்டாம் இது வேண்டாம் என்று அவனைப் படுத்தி எடுத்து, கடைசியில் அவளே தேர்ந்தெடுத்த அதே தொட்டில். முயலுக்குப் பொருத்தமாக உள்ளறைச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட்கூட அடித்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று அந்தக் கதவைச் சாத்தியது அவள்தான்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'நீங்கள் ஆசையாகப் பார்த்தது, இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.'

போன் அடித்தது.

"திறந்துட்டியா?"

"ம்."

"எந்தப் பக்கம் போனாலும் வந்துட்டே இருந்துச்சு. வேலைக்கு உக்காந்தா நீ பாத்துடுவியேன்னுதான்..."

எதையெல்லாம் நினைத்தோம் என்று கூசிப்போனாள்.

"உங்க போன்லயும் வருதா?"

"வருது."

"அதையும் தடுத்திருக்கலாம்ல?"

அவன் மெதுவாகச் சொன்னான்.

"மனசு வரலை. அதுல மட்டும்தான் நாம இன்னும் மூணு பேரு."