ஆறிப்போன சூப்

“சூப்பு ஐஸா இருக்கு. இதை மனுஷன் குடிப்பானா?” என்றார் பந்தேலிஸ் தாத்தா, அடுத்த கரண்டியை ஊதி ஊதி வாயில் விட்டுக்கொண்டே.

ஏதென்ஸிலிருந்து சோதனைக்கு வந்திருந்த பொலிக்செனி அம்மாள் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற முதியோர் இல்ல மேனேஜர் எவாந்தியாவுக்குக் காது மடல் சிவந்தது. முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிய அந்தக் கோழி சூப்பை, சமையல்காரி வராததால், அவளேதான் வைத்திருந்தாள்.

அந்தத் தீவு இல்லத்தில் எந்த மேனேஜரும் நிலைத்ததில்லை. கிழங்களின் வாய்க்குப் பயந்துதான் ஓடிப்போகிறார்கள் என்று துறைமுகத்துக் காப்பிக் கடையில் பேச்சு. எவாந்தியா அதை இன்றுவரை நம்பியதில்லை. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், இந்தக் கிழங்களை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அவளுடைய பயம்.

அடுத்த மேஜையில் மரிகோ பாட்டி. தன் தலையை வாரிவிட இங்கே நாதியில்லை என்று மூக்கை உறிஞ்சினாள். காலையில் எவாந்தியா பின்னிவிட்ட சடை அவள் தோளில் அம்சமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்திராத்திஸ் தாத்தா ஒருபடி மேலே போனார். இந்தப் பெண்ணுக்குச் சிரிக்கவே தெரியாது, வீட்டில் இழவு விழுந்த மாதிரியே திரிகிறாள் என்று குற்றம் சாட்டினார். நேற்றுச் சாயங்காலம் பகடை உருட்டி ஆடும்போது கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டவர் அவர்தான். அப்போது அவரும் எவாந்தியாவும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன தியோதோரா அம்மாளாவது காப்பாற்றுவாள் என்று எவாந்தியா அவளைப் பார்த்தாள். அவளோ நல்ல கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த ஊரில் அதைவிடக் கெட்ட வசவு கிடையாது.

பெற்ற பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்காதவர்களுக்கு இத்தனை செய்தும் இதுதானா என்று எவாந்தியாவுக்கு மனம் நொந்துபோனது.

பொலிக்செனி அம்மாள் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். எத்தனையோ இல்லங்களைப் பார்த்திருப்பதாகவும், ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒப்பாரி வைத்தது இங்கேதான் என்றும் சொன்னாள்.

“இத்தனை குறையை வெச்சுக்கிட்டு உங்களை விட்டுட முடியாதும்மா. எல்லாத்தையும் சரி பண்ற வரைக்கும் இங்கேயே கிடந்து பாடுபடுங்க” என்றவள், கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.

வேலை தப்பியது, மானம் போனது. எவாந்தியா முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

“என்ன சொல்லிட்டுப் போறா அந்தம்மா?” என்று கேட்டார் பந்தேலிஸ் தாத்தா.

“இங்கேயே கிடன்னு சொல்லிட்டாங்க.” அவள் குரல் உடைந்தது. “நான் உங்களுக்கு என்னதான் குறை வெச்சேன்?”

மரிகோ கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்திராத்திஸ் எழுந்து வந்து எவாந்தியாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். தியோதோரா அம்மாள் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பந்தேலிஸ் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லவங்கன்னு நாங்க சொன்ன அத்தனை பேரையும் ஏதென்ஸுக்கு மாத்திட்டாங்களே, பொண்ணே.”