வாளி தூக்கிய மருமகள்

“அத்தை, நான்தான் மிரேய். உங்க பையன் அனுப்பினார்.”

முழங்கால் வரை பனியில் புதைந்து நின்றபடி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள் மிரேய்.

சிவப்புத் தொப்பி போட்டிருந்த அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேப்பிள் மரத்தில் தொங்கிய வாளியைப் பார்த்தாள். அது நிரம்பி, சாறு பனியில் வழிந்துகொண்டிருந்தது.

“அட, வாடி என் மருமகளே! உன்னைப் பத்திப் பேசாத நாளே இல்ல அவன். அங்கயே நிக்காத, அந்த வாளியைத் தூக்கு!”

பின்னால் நின்ற அவளுடைய மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மிரேய்க்கு உயிர் வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை அவள். கட்டிக்கொள்ளப்போகும் யானிக்கின் வீட்டார் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. “போட்டோவுல பாத்தா பயந்துடுவ, நேர்ல பாரு” என்றிருந்தான். “பஸ்ஸை விட்டு இறங்கினதும் தோப்புக்குள்ள புகை தெரியும். நேரா போ. பேக்கரி வேலை முடிஞ்சதும் நான் வந்துடறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. அம்மாவுக்கு வேலைக்கு அஞ்சுறவங்களைக் கண்டா ஆகாது.”

அஞ்சக் கூடாது என்று வாளியைத் தூக்கினாள். இரண்டாவது மரத்துக்கருகே வழுக்கி விழுந்தாள். சாறு முழுக்கத் தலையில்.

“அண்ணி, சாறு கொப்பரையில ஊத்தணும், கொண்டையில இல்ல!” என்று கத்தினாள் பெண்களில் கடைக்குட்டி.

மிரேயும் சிரித்துவிட்டாள். எழுந்தாள். அடுத்த வாளியைத் தூக்கினாள்.

சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகைக்குள் ஒரே ஆவி. அடுப்பில் கட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

“யாரும்மா இது?”

“நம்ம பையன் கட்டிக்கப்போற பொண்ணுங்க” என்றாள் சிவப்புத் தொப்பி.

“நம்ம பையனா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? நேத்து மூக்குக் கண்ணாடியைச் சூப்புல தேடினவர்தானே நீங்க!”

மறுபடியும் பெண்கள் மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன குடும்பம் இது என்று மிரேய்க்கு ஆச்சரியமாக இருந்தது. மொன்ட்ரியாலில் அப்பாவோடு மட்டும் தனியாக வளர்ந்தவள். சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இங்கே மூச்சு விடுவதற்குக்கூட ஒரு கிண்டல் வந்தது.

திடீரென்று கொப்பரையில் நுரை குபுகுபுவென்று எழுந்தது.

“பொங்குது! வெண்ணெய்! யாராவது வெண்ணெயைப் போடுங்க!” என்று பெரியவர் அலறினார்.

மேசையில் இருந்ததை அப்படியே வாரி எறிந்தாள் மிரேய். நுரை பொசுக்கென்று அடங்கியது. ஒரு துளி போதுமாம். அவள் போட்டது முழுக் கட்டி.

“நல்லதாப் போச்சு. இந்த வருஷம் ரொட்டிக்குத் தனியா வெண்ணெய் தடவ வேண்டாம்!” என்றார் பெரியவர். கொட்டகையே அதிர்ந்தது.

மத்தியானம் பட்டாணி சூப்பும் பன்றி இறைச்சியும் சாப்பிடும்போது, மிரேய் மெதுவாகக் கேட்டாள். “சின்ன வயசுல அவர் எப்படி இருந்தார், அத்தை?”

“அதை ஏன் கேக்குற! ஒருநாள் ஆறின கொப்பரைக்குள்ள தலையை விட்டுட்டான். பாகு முடியில ஒட்டிக்கிச்சு. மொட்டை அடிச்சோம்.”

“மரத்துக் குழாய்ல வாயை வெச்சுக்கிட்டே தூங்கினதைச் சொல்லும்மா!” என்றாள் மூத்தவள்.

“ரெண்டு நாள் தூங்கினார் அண்ணி! வயிறு பீப்பாய் மாதிரி ஆயிடுச்சு!” என்றாள் நடுப்பெண்.

கடைக்குட்டி சூப்பைத் துப்பிவிட்டு வெளியே ஓடினாள். மிரேய்க்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இத்தனை கதையில் ஒன்றைக்கூட யானிக் சொன்னதில்லை, கள்ளன்!

சாயங்காலம் கடைசி வாளியும் காலியானது. மிரேய்க்குக் கை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. சிவப்புத் தொப்பி அம்மாள் வெளியே வந்து, சூடான பாகைப் பனிமேல் நீளமாக ஊற்றினாள். அது இறுகி இழுபட்டதும் குச்சியில் சுருட்டி, முதல் குச்சியை மிரேயிடம் நீட்டினாள்.

“இந்த வீட்ல யாரும் ஒரு நாள்ல இவ்வளவு தூக்கினதில்லடி” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று மிரேய்க்கு. இனி யானிக்கே வேண்டாம் என்றாலும் இந்த மாமியாரை விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“மிரேய்!”

மரங்களுக்கிடையே மூச்சிரைக்க ஓடி வந்தான் யானிக்.

“இங்கயா இருக்க? எங்க தோப்பு ஓடைக்கு அந்தப் பக்கம்! அம்மா காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கிறாங்க!”

மிரேயின் கையிலிருந்த குச்சி பனியில் விழுந்தது. யானிக்கைப் பார்த்தாள். சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள்.

“அப்போ… நீங்க சொன்ன உங்க பையன்? அந்த மொட்டை? அந்தக் குழாய்?”

பெண்கள் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். பெரியவர் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாறு இப்படிப் பொங்கி வழியற அன்னைக்கு, வாளி தூக்க ஒரு மருமக தானா நடந்து வந்து நின்னா, எனக்குப் பையனே கிடையாதுன்னு சொல்ல மனசு வருமாடி?”